நெரிமான் ஓட்டிய கல்யாண வண்டி

கருங்கடலுக்கு மேற்கே, கோபதின் என்ற ஊரின் பக்கத்தில் உள்ள தாத்தார் முஸ்லிம் ஊர்களில் ஒரு பெண் டிராக்டர் ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நெரிமான் சின்ன வயதிலேயே கூட்டுப்பண்ணை டிராக்டரில் ஏறி உட்கார்ந்தவள். கோதுமைக்கும் சூரியகாந்திக்கும் உழுதாள், விதைத்தாள், அறுவடையை இழுத்து வந்து களத்தில் சேர்த்தாள். பிறகு பண்ணையைக் கலைத்தார்கள். நிலத்தைப் பிரித்தார்கள், டிராக்டர்களை ஏலம் விட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது கூலியாட்களை வயலுக்கு ஏற்றிப்போன பழைய பஸ்தான். அதைக் கேட்டு வேறு ஆள் வரவில்லை. அவள் அந்த பஸ்ஸில் ஆள் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் ஊர் வாயைத் திறந்தது.

"மண்ணை நம்பி ஒப்படைச்சோம், சரி. மனுஷனை எப்படிம்மா உன்கிட்ட ஒப்படைக்கறது?" என்றார் முடிவெட்டும் காதிர்.

"உங்க கத்திக்குக் கீழ தெனம் கழுத்தை நீட்டறாங்களே காதிர் அண்ணே, அதைவிடவா?" என்றாள் நெரிமான்.

காதிர் சிரித்துவிட்டார். ஆனாலும் ஒரு மாதம் வரை பஸ்ஸில் ஏறவில்லை.

அவள் புருஷன் என்வர் கட்டட வேலைக்கு இஸ்தான்புல் போனவன். முதலில் பணம் வந்தது. பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு, அங்கே அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தி மூன்றாம் மனிதர் வாய்வழியாக வந்தது. நெரிமான் அன்றைக்கும் வண்டி எடுத்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து அவனுடைய கோட்டையும் செருப்பையும் ஒரு சாக்கில் கட்டி மாமியார் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அழுதது அதற்கும் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டியில் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, காரணமே இல்லாமல்.

அண்ணன் ஜெலில் வந்து கூப்பிட்டான். "எங்க வீட்டுக்கு வந்துரு. தனியா எதுக்குக் கெடக்கே?"

"உங்க வீட்டுல எனக்கு ஒரு நாற்காலிதான் போடுவே. இங்க எனக்கு இருபத்தஞ்சு சீட்டு இருக்கு" என்றாள்.

அப்படியே வருஷங்கள் ஓடின. கோடையில் கடற்கரை விடுதிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களையும் தர்பூசணி மூட்டைகளையும் ஏற்றினாள். குளிர்காலத்தில் கான்ஸ்தான்ட்சா துறைமுகத்துக்கு ஆட்களைக் கொண்டுபோனாள். தெற்கே கான்ஸ்தான்ட்சா மாவட்டத்தில் அவள் வண்டியின் ஹாரன் சத்தம் தெரியாத ஊர் இல்லை. ஆனால் வடக்கே துல்சா மாவட்டத்துக்குள் அவள் போனது அபூர்வம். தெற்கத்திக்காரர்களுக்கு துல்சா என்றால் நாணல், கொசு, மீன் வாடை. துல்சாக்காரர்களுக்குத் தெற்கத்திக்காரர்கள் என்றால் கடற்கரையில் குடை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறவர்கள். இரண்டு மாவட்டமும் டான்யூப் ஆற்றுக்கும் கருங்கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஒரே தோப்ருஜா நிலம்தான். வண்டி நம்பர் பலகையைப் பார்த்ததும் மட்டும் இரண்டு மாவட்டக்காரர்களுக்கும் நாக்கு நீளும்.

ஒரு பிப்ரவரியில் அக்சினியா அவளைத் தேடி வந்தாள். பல்கேரிய எல்லையை ஒட்டிய தோய் மாய் கிராமத்து லிப்போவன் பெண். பழைய முறைப்படி கும்பிடுகிற ரஷ்ய மீனவர் கூட்டம் அது. ஆண்கள் தாடியை எடுக்கமாட்டார்கள், நாள்காட்டியைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அக்சினியாவின் மகன் சாவா போன கோடையில் வடக்கே ஜுரிலோவ்காவில் ஏரி மீன் பிடிக்கப் போயிருந்தான். மீனோடு சேர்த்து அந்த ஊர்ப் பெண் உலியானாவையும் மனதில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஞாயித்துக்கிழமை காலையில அவங்க கோயில்ல கிரீடம் வெச்சுக் கல்யாணத்தை முடிக்கணும். சனிக்கிழமையே கிளம்பிடுவோம். மொத்தம் பதினாலு பேரு" என்றாள் அக்சினியா.

"ஜுரிலோவ்காவா? அடுத்த வாரம் வெச்சுக்கக் கூடாதா? வானிலை நல்லா இல்லேங்கறாங்களே."

"அடுத்த வாரம் வெண்ணெய் வாரம் பொறந்துடும். அதுல கல்யாணம் கெடையாது. அதுக்கப்புறம் பெரிய நோன்பு. ஈஸ்டர் தாண்டித்தான் பாதிரியார் கிரீடத்தைத் தொடுவாரு. ஈஸ்டருக்கு முன்னாடியே இவன் நார்வேக்காரன் கப்பல்ல ஏறணும். ஏறினா இலையுதிர்காலம் வரைக்கும் வரமாட்டான். அந்தப் பொண்ணு காத்திருப்பா, எனக்குத் தெரியும். எனக்குத்தான் காத்திருக்கத் தெம்பு இல்ல."

நெரிமான் ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது வானம் சாம்பல் நிறமாக இருந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் பூப்போட்ட தலைத்துணிகளும் பட்டு இடுப்புக் கயிறுகளுமாக ஏறினார்கள். ஒரு பீப்பாய் ஒயின் ஏறியது. சாவாவின் சித்தப்பா ஒருவர் ஏறும்போதே பாடிக்கொண்டு ஏறினார். மங்காலியா, விடுதி ஊர்கள், கான்ஸ்தான்ட்சாவின் உயரக் கட்டடங்கள் எல்லாம் பாட்டோடு பின்னால் போயின. நகரத்தைத் தாண்டி வெட்டவெளி வந்ததும் காற்று பக்கவாட்டில் மோத ஆரம்பித்தது. காற்றாலைகள் நிற்கும் மேட்டுக்கு வந்தபோது கம்பங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, மேலே இறக்கைகளைப் பனி விழுங்கியிருந்தது.

நெரிமான் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். "திரும்பிடலாமா?" என்று கேட்டாள்.

சாவா எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, உங்களால முடிஞ்சா போங்க. முடியாதுன்னா திரும்புங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அவன் எதைக் கேட்கிறான் என்று எவருக்கும் தெரிந்திருக்கும்.

அவள் போனாள். அது சரியா தப்பா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். வடகிழக்கிலிருந்து வருகிற அந்தக் காற்று பனியைக் கீழே விழவே விடாது, தரையோடு தரையாக ஓட்டிக்கொண்டு வந்து எங்கே பள்ளமோ அங்கே கொட்டும். மாவட்ட எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். அங்கே பஸ் ஒரு பனிமேட்டில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

சித்தப்பா ஜன்னலைத் துடைத்துப் பலகையைப் பார்த்தார். "முன் சீட்டெல்லாம் துல்சா, பின் சீட்டெல்லாம் கான்ஸ்தான்ட்சா. குளிருதுன்னா உங்க உங்க மாவட்டத்துல போய்ச் சொல்லிக்கோங்க" என்றார்.

சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. நெரிமான் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். காற்று அடங்கும்வரை எந்த வண்டியும் சாலையில் இறங்கக்கூடாது என்று உத்தரவு, வண்டியிலேயே இருங்கள், புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் மண்வெட்டியோடு இறங்கினாள். சாவாவும் இறங்கினான். இவர்கள் தோண்டத் தோண்ட காற்று திரும்பக் கொண்டுவந்து போட்டது. டீசல் மாலைக்குமேல் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். மனுஷனை எப்படி ஒப்படைக்கிறது என்று காதிர் கேட்டது காதில் ஒலித்தது. உள்ளே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாருக்காவது பசிக்குதா? எங்கிட்ட சுபெரெக் இருக்கு" என்று கறி வைத்துப் பொரித்த ரொட்டிகளை எல்லோருக்கும் கொடுத்தாள்.

வெளிச்சம் மங்கும் முன்னால் நாய்கள் குரைப்பது கேட்டது. பிறகு ஒரு டிராக்டரின் சத்தம். அது காதுக்குத் தெளிவாக எட்டுமுன்பே அது டிராக்டர்தான் என்று நெரிமானுக்கு நெஞ்சில் தெரிந்துவிட்டது. பழைய சிவப்பு டிராக்டர், பின்னால் வைக்கோல் ஏற்றுகிற இழுவைத் தொட்டி. ஆட்டுத்தோல் போர்வைக்குள்ளிருந்து ஒரு மனிதன் இறங்கி பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வந்தான். நம்பர் பலகையைக் கையால் துடைத்துப் பார்த்தான்.

"கான்ஸ்தான்ட்சா" என்றான். "நெனச்சேன். இந்தக் காத்துல கடலுக்குக் குளிக்கப் போறவங்க வேற யாரு?"

"கல்யாணத்துக்குப் போறோம்" என்றாள் நெரிமான்.

"யாருக்குக் கல்யாணம், உனக்கா?"

"எனக்கு ஒண்ணு ஆயி முடிஞ்சாச்சு. இவங்களை ஏத்திக்கறீங்களா, இல்ல நின்னு பேசிட்டே இருப்போமா?"

அவன் பெயர் தாஷ்கு. ஆடு வளர்க்கிற அரோமானியர் குடும்பம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், துல்சா எல்லைக்குள் அவன் பட்டி. அங்கிருந்து பஸ்ஸின் விளக்கைப் பார்த்துத்தான் வந்திருந்தான். மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகள் புக்கரெஸ்டில் இருந்தாள். வைக்கோல் தொட்டியில் எல்லோரையும் குந்தவைத்து, தார்ப்பாய் போர்த்தி, இரண்டு நடையில் பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். இரண்டாம் நடையில் தொட்டியின் கொக்கி கழன்றது. கயிற்றைப் போட்டு இழுத்து மாட்டும்போது அது அவன் வலது கையை நசுக்கியது. வீட்டுக்குள் வந்து அவன் கையுறையைக் கழற்றியபோதுதான் மணிக்கட்டு வீங்கியிருப்பதை நெரிமான் பார்த்தாள். துணி கிழித்து, ஒரு கரண்டியை வைத்து, இறுக்கிக் கட்டினாள்.

"கரண்டியைத் திருப்பிக் குடுத்துடணும். வீட்டுல ரெண்டுதான் இருக்கு" என்றான்.

அன்று இரவு ஆட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில், அடுப்பைச் சுற்றி எல்லோரும் படுத்தார்கள். தாஷ்கு இடது கையால் பாலாடைக்கட்டி வெட்டிக் கொடுத்தான்.

விடிந்தபோது காற்று நின்றிருந்தது. வெளியே எல்லாம் ஒரே வெள்ளை, சாலை எங்கே வயல் எங்கே என்று தெரியவில்லை. பனி அகற்றும் வண்டி பெரிய சாலைக்கு வந்துசேரவே மத்தியானம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். ஜுரிலோவ்காவிலிருந்து உலியானாவின் அம்மா பேசினாள். பாதிரியார் பூஜையை எவ்வளவு மெதுவாக நடத்த முடியுமோ அவ்வளவு மெதுவாக நடத்துகிறாராம். அதற்கும் ஒரு முடிவு உண்டு. அக்சினியா மூலையில் உட்கார்ந்து, கண்ணீரை மகன் பார்க்காமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டிராக்டர் போகும்" என்றான் தாஷ்கு. "வயல் மேட்டோட போனா போயிடலாம். ஆனா கியரைப் போட எனக்குக் கை இல்ல. சாவா, ஓட்டுவியா?"

"படகுதான் ஓட்டுவேன்" என்றான் சாவா.

"நான் ஓட்டறேன்" என்றாள் நெரிமான்.

தாஷ்கு அவளைப் பார்த்தான். "அம்மா தாயே, அது பஸ் இல்ல. ஸ்டியரிங் ஒரு பக்கம் பிடிச்சா இன்னொரு பக்கம் போகும். என்னைத் தவிர யாருக்கும் அது அடங்கினது இல்ல."

"உங்களுக்கே அடங்கலையே. நேத்து மேட்டுல ரெண்டு தடவை அணைஞ்சுபோச்சு, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது இருபது வருஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. கால் தானாக கிளட்சைத் தேடியது. தொட்டியில் வைக்கோல் பரப்பி சாவாவையும் அக்சினியாவையும் சித்தப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் சாலை திறந்ததும் வருவதாக முடிவானது. தாஷ்கு சக்கரத்தின் மேல்தகட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இடது பக்கம். அங்க கிணறு இருக்கு" என்றான்.

"தெரியுது."

"உனக்கு எப்படித் தெரியும், பனியில மூடிக் கெடக்கு?"

"நீங்க பதறின பதற்றத்துல தெரியுது."

காற்று மேடுகளைத் துடைத்து வைத்திருந்தது. அங்கே போன வருஷத்துச் சோளத்தாள் தரையோடு தெரிந்தது. அவள் மேட்டிலேயே சுற்றிச் சுற்றிப் போனாள். பள்ளம் குறுக்கிட்டால் நிறுத்தினாள். தாஷ்கு இறங்கி ஒரு கம்பால் குத்திப் பார்த்து, வா என்று கையைக் காட்டினான். ஒரு ஓடையில் பின் சக்கரம் இறங்கிவிட்டது. தொட்டியிலிருந்த எல்லோரும் இறங்கி, மாப்பிள்ளையின் பட்டு இடுப்புக் கயிறெல்லாம் சேறாக, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நெரிமான் கியரைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினாள். கரை ஏறியதும் அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். இது தன் கைக்கு இன்னும் வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசி மேட்டிலிருந்து பார்த்தபோது உறைந்த ஏரியும் அதன் கரையில் நீல ஜன்னல் வீடுகளும் கோயில் கோபுரமும் தெரிந்தன. ஊருக்கு வெளியே ஒரு குதிரை வண்டி, சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை பூட்டியது, பனியில் தத்தளித்து வந்துகொண்டிருந்தது. அதில் கல்யாண உடையின் மேல் மீனவர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன்மார் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சாவா தொட்டியிலிருந்து குதித்தான். "கல்யாணப்பொண்ணு வீட்டுல இருக்கணும். நீ எங்க கிளம்பிட்டே?"

"உன்னைத் தோண்டி எடுக்க" என்றாள் உலியானா. அவன் உடையை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன இது, ஏரிக்குள்ள விழுந்து வந்தியா?"

"ஓடையில."

"சரி, ஏறு. பாதிரியாருக்குப் படிக்க இனிமே ஒண்ணும் மிச்சமில்ல."

கிரீடம் வைத்தார்கள். நெரிமான் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டாள். தன் மதம் வேறு என்ற தயக்கம் ஒரு பக்கம், உடம்பெல்லாம் டீசல் நாற்றம் இன்னொரு பக்கம். உள்ளே உலியானாவின் ஒற்றைப் பின்னலைப் பிரித்து, மணமானவளுக்கு உரியபடி இரண்டாகப் பின்னுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தாஷ்கு அவள் பக்கத்தில் நின்றான். அவனும் உள்ளே போகவில்லை.

விருந்தில் அவளைப் பெண் வீட்டாருக்குச் சமமாக மேஜையின் தலைப்பக்கம் உட்காரவைத்தார்கள். பன்றிக்கறி வந்தபோது உலியானாவின் அம்மா தட்டை வெடுக்கென்று எடுத்து, மீன் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கான்ஸ்தான்ட்சாவுல இதெல்லாம் கெடைக்காது. சாப்பிடு" என்றாள்.

"எங்க ஊர்லயும் கடல் இருக்கும்மா."

"கடல் இருக்கு. மீனுக்குத்தான் உங்க குடைக்கு நடுவுல எடம் இல்ல."

மேஜை முழுக்கச் சிரித்தது. நெரிமானும் சிரித்தாள். எத்தனையோ வருஷமாக யாரும் அவளுக்கு இப்படி முன்னால் வைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்து சூப்பைக் குடித்தாள்.

அந்த வசந்தத்தில் ஜுரிலோவ்காக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் துறைமுகத்துக்கும் போக அவர்களுக்கு நேர் வண்டி இல்லை. இரண்டு இடத்தில் மாறிப் போகவேண்டும். நெரிமான் அலைந்து அனுமதி வாங்கினாள். வாரத்தில் சில நாள் ஏரிக்கரையிலிருந்து கான்ஸ்தான்ட்சாவரை ஓட ஆரம்பித்தாள். மீன் கூடை ஏறியது, ஆட்டுப் பாலாடைக்கட்டி ஏறியது, கல்லூரிப் பெண்கள் ஏறினார்கள். சாவா கப்பலுக்குப் போகும்போது அவளுடைய பஸ்ஸில்தான் போனான். வழியனுப்ப வந்த உலியானா நகரம்வரை கூடவே வந்துவிட்டு, அதே பஸ்ஸில் தனியாகத் திரும்பினாள். நெரிமான் அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, ஊர் சேரும்வரை ஒன்றும் கேட்காமல் ஓட்டினாள்.

மே மாதத்தில் ஒரு நாள் மாவட்ட எல்லைப் பள்ளத்தில் தாஷ்கு கைகாட்டி நிறுத்தினான். சவரம் செய்திருந்தான். கரண்டிக்கட்டு போய் மணிக்கட்டு ஆறியிருந்தது.

"எங்க போகணும்?" என்று கேட்டாள்.

"வண்டி எங்க போகுது?"

"கான்ஸ்தான்ட்சா."

"அங்கதான்."

கான்ஸ்தான்ட்சாவில் எல்லோரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. வண்டி திரும்பும்போது அதே சீட்டில் திரும்பி வந்தான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் தடவை மீன்காரி ஒருத்தி பொறுக்கமுடியாமல், "ஏம்ப்பா, ஆட்டையெல்லாம் யார் பாக்கறா?" என்று கேட்டாள். "அதுங்களுக்கு வழி தெரியும். எனக்குத்தான் தெரியலை" என்றான். நெரிமான் கண்ணாடியில் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள். காது மட்டும் சிவந்தது.

தாஷ்குவைக் கட்டிக்கொள்வது என்று முடிவானபின், என்வரிடமிருந்து விவாகரத்து வாங்குவது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அவனும் அதற்குத்தான் காத்திருந்தானாம். ஜெலிலைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஆட்டுக்காரன். சரி. கிறிஸ்தவன். அதையும் அல்லா பாத்துக்கட்டும்" என்றான் ஜெலில். "ஆனா துல்சாக்காரனா? நம்ம மாவட்டத்துல ஆம்பளையே இல்லையா?"

"இருந்தாங்க அண்ணே. யாரும் பனியில வண்டி எடுத்துக்கிட்டு வரலை."

ஜெலில் எழுந்து போனான். ஒரு வருஷம் பேசவில்லை. அந்த ஒரு வருஷம் நெரிமானை வாட்டியது. ஊர்ப் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் அவன் வீட்டு வாசலில் ஹாரனை ஒருமுறை அழுத்துவாள். கதவு திறக்காது. தாஷ்கு, "நான் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்பான். "நீங்க பேசினா இன்னும் ஒரு வருஷம் கூடும்" என்பாள்.

கல்யாணம் முடிந்து நெரிமான் பட்டிக்குக் குடிபோனாள், பஸ்ஸின் நம்பர் பலகையும் துல்சாவுக்கு மாறியது. தெற்கே நிறுத்தங்களில் காத்திருப்பவர்கள் அதைக் காட்டிக் கேலி செய்தார்கள். காதிர் ஒருநாள் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் வாடை" என்றார். "அது உங்க பை அண்ணே. ஜுரிலோவ்காவுல வாங்கினீங்களே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டு, கதவை மூடி வண்டியை எடுத்தாள்.

அடுத்த நோன்புப் பெருநாளன்று நெரிமான் பட்டியில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது நாய்கள் குரைத்தன. ஜெலில் தன் காரை வெளியே நிறுத்திவிட்டு, நாய்களைப் பார்த்துப் பயந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தான். தாஷ்கு போய் நாய்களை அதட்டி அவனைக் கூட்டிவந்தான். மேஜையில் வெங்காயத்தாளும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட அப்பம் இருந்தது. தாஷ்குவின் அம்மா வழியில் வந்த பக்குவம். ஜெலில் ஒரு துண்டு எடுத்து, சந்தேகத்தோடு மென்றான். கொஞ்சநேரம் கழித்து இன்னொன்று எடுத்தான்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று தாஷ்குவைப் பார்த்து முதன்முறையாகக் கேட்டான்.

தாஷ்கு விளக்க ஆரம்பித்தான். நெரிமான் கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குத் தேநீர் வைக்க எழுந்தாள்.